லாக்-அவுட் தொல்லை: எப்போது வெளியே தள்ளுகிறது என்று முதலில் பாருங்கள்

“வெப்சைட் சும்மா சும்மா வெளிய தள்ளுது” என்று மேற்கு மாம்பலத்தில் எங்கள் பிரவுசிங் சென்டருக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர், வருவதற்கு முன்பே குக்கீயை (தளங்கள் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்னத் தகவல்) மொத்தமாக அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். “ஹிஸ்டரிய கிளியர் பண்ணு, சரியாயிடும்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படிச் செய்தால் ஒழுங்காக இருந்த தளங்களிலிருந்தும் வெளியே வந்து நிற்க வேண்டியதுதான். கோளாறு எங்கே என்று காட்டியிருக்கக்கூடிய தடயமும் அதோடு போய்விடும். குக்கீ அழிப்பு கடைசி மருந்து. அதையும் தொல்லை தருகிற ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, போன பக்கத்தைக் கேட்டதும் நீங்கள்தான் என்று சர்வருக்கு, அதாவது தளம் ஓடும் கணினிக்கு, தெரியாது. இதற்காகத்தான் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டூலி 1994-ல் குக்கீயைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பதைப் போல, லாக்-இன் செய்ததும் சர்வர் உங்களுக்குக் குக்கீயில் ஓர் எண்ணைத் தருகிறது, பேரேட்டிலும் எழுதிக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அந்த எண்ணை நீட்டுகிறது. அந்த எண் செல்லும் காலம்தான் செஷன்.

ஆக, லாக்-அவுட் ஆனால் நடந்தது மூன்றில் ஒன்று. உங்கள் கையிலிருந்த டோக்கன் தொலைந்தது. அல்லது டோக்கன் இருக்கிறது, பேரேட்டில் எண்ணை அழித்துவிட்டார்கள். அல்லது இரண்டும் சரி, டோக்கனை நீட்டுகிற ஆள் மேல் சந்தேகம். முதலாவது உங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியது. இரண்டாவது பெரும்பாலும் அவர்கள் வேண்டுமென்றே செய்வது. மூன்றாவதற்கு உங்கள் இணைப்பைப் பார்க்க வேண்டும். எது என்பதை லாக்-அவுட் ஆகும் நேரமே சொல்லிவிடும்.

“பிரவுசரை மூடித் திறந்தா எல்லாமே போயிடுது”

தொடர்பே இல்லாத இரண்டு தளங்களில் லாக்-இன் செய்து, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். இரண்டிலிருந்தும் வெளியே வந்திருந்தால் தளங்களைத் திட்டிப் பயனில்லை, உங்கள் கணினியில் ஏதோ ஒன்று டோக்கனைக் குப்பையில் போடுகிறது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ் என்று போய், கீழே அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸைத் திறந்தால் ஆன்-டிவைஸ் சைட் டேட்டா என்று ஒன்று இருக்கும். எல்லா விண்டோவையும் மூடும்போது தளங்கள் சேமித்ததை அழித்துவிடு என்பது அங்கே தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். ஃபயர்பாக்ஸில் பிரைவசி பக்கத்திலேயே, மூடும்போது குக்கீயை அழி என்று டிக் பெட்டி இருக்கும். எட்ஜிலும் மூடும்போதெல்லாம் எதை அழிப்பது என்று தனிப் பட்டியல் உண்டு. யாரும் தெரிந்தே இதைப் போடுவதில்லை. லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார்கள், அல்லது அலுவலகத்தில் ஐடி ஆள் போட்டு வைத்திருப்பார்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஆன்ட்டிவைரஸையும் கிளீனர் மென்பொருளையும் சந்தேகப்படுங்கள். ‘டிராக்கிங் குக்கீ நீக்கப்பட்டது’ என்று பெருமையாகக் கணக்குக் காட்டுகிறவை, நல்ல குக்கீயையும் சேர்த்துக் கூட்டிப் பெருக்குவது சகஜம். ஃபோனில் மெமரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் ஆப்களை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரே ஒரு தளம் மட்டும் மூடித் திறந்தால் போகிறது என்றால் அது வேறு கதை. அந்தத் தளம் கொடுத்த குக்கீ பிரவுசர் மூடும்வரைதான் செல்லும் வகை. லாக்-இன் பக்கத்தில் ‘ரிமெம்பர் மீ’ என்று சின்னப் பெட்டி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளங்களில், யாரும் எதையும் மாற்றவில்லையென்றால், அதை டிக் செய்தால் 14 நாள் உள்ளே இருக்கலாம், செய்யாவிட்டால் அதிகபட்சம் 2 நாள்தான்.

“ஃபார்ம் ஃபுல்லா நிரப்பி சப்மிட் அடிச்சா, செஷன் எக்ஸ்பயர்டு”

விண்ணப்பக் கடைசி நாள்களில் எங்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். அரை மணி நேரம் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து அப்பா பெயரின் இனிஷியல்வரை அடித்திருப்பார்கள். கடைசியில் பச்சை பட்டனை அழுத்தினால் லாக்-இன் பக்கம் வந்து நிற்கும். “நான் டைப் பண்ணிட்டேதான இருந்தேன், சும்மா இல்லையே!” என்பார்கள்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்வது சர்வருக்குத் தெரியாது. எழுத்துகளெல்லாம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நிற்கின்றன. ஒரு பட்டனை அழுத்தி அடுத்த பக்கத்தைக் கேட்டால்தான் ஆள் இருக்கிறார் என்று சர்வர் அறியும். ஆகவே இருபத்தைந்து நிமிடம் விடாமல் டைப் செய்தவரும், இருபத்தைந்து நிமிடம் காபி குடிக்கப் போனவரும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

எத்தனை நிமிடம் பொறுக்கும் என்பது தளத்தைப் பொறுத்தது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய தளத்தில் யாரும் எதையும் மாற்றவில்லையென்றால் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் சும்மா கிடந்த செஷனைத் துடைத்துவிடலாம். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி டாட் நெட்டில் 20 நிமிடம், டாம்கேட் சர்வரில் 30. அட்டைப் பணப் பரிவர்த்தனைக்கான பிசிஐ பாதுகாப்பு விதி, அட்டை விவரங்களைக் கையாளும் அமைப்புகளில் உள்ளே இருப்பவர் 15 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கச் சொல்கிறது. வங்கித் தளங்கள் இன்னும் கறார், சில நிமிடங்களிலேயே கதவைச் சாத்திவிடும். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் சென்டரில் வங்கிப் பக்கத்தை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுக்க எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் பத்துப் பக்க விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதே அவசரத்தைக் காட்டும் தளத்துக்குச் சமாதானம் எதுவும் கிடையாது.

செய்ய வேண்டியது இது. உள்ளே போகும் முன்பே எல்லாவற்றையும் தயாராக எடுத்து வையுங்கள். நேரத்தைத் தின்பது டைப்பிங் அல்ல, போட்டோவும் கையெழுத்தும்தான். ‘இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்று தளம் சொன்ன பிறகு ஃபோனில் படம் எடுத்து, வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, கிராப் செய்து, சைஸ் குறைத்து வருவதற்குள் செஷன் போய்விடும். சைஸ் குறைத்த ஃபைல்கள் முன்கூட்டியே டெஸ்க்டாப்பில் இருக்கட்டும். நீளமாக எழுத வேண்டிய பதில்களை நோட்பேடில் அடித்து வைத்து ஒட்டுங்கள். ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் பட்டன் இருந்தால், முழுதும் நிரம்பாவிட்டாலும் அதை அடிக்கடி அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலும் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பும்.

சில தளங்களில் இதுவும் எடுபடாது. சும்மா இருந்த நேரத்துக்கு ஒரு வரம்பு, உள்ளே நுழைந்ததிலிருந்து மொத்தமாக இன்னொரு வரம்பு என்று இரண்டு இருக்கும். சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே இடைவெளியில் வெளியே தள்ளினால் அது இரண்டாவது வகை. அதற்கு உங்கள் பக்கம் மருந்தில்லை, வேலையைப் பிரித்துச் செய்ய வேண்டியதுதான்.

செஷன் போய்விட்டது என்று தெரிந்துவிட்டால் அவசரப்பட்டு ரிஃப்ரெஷ் அடிக்காதீர்கள். பேக் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பிரவுசர் சில சமயம் நிரப்பிய ஃபார்மை அப்படியே வைத்திருக்கும். கிடைத்தால் எல்லாவற்றையும் நோட்பேடுக்குக் கடத்திவிட்டுப் பிறகு லாக்-இன் செய்யுங்கள்.

“பாஸ்வேர்டு கரெக்டு, உள்ள போகுது, உடனே திரும்ப லாக்-இன் பக்கம்”

பாஸ்வேர்டு தப்பென்றால் தப்பு என்று சொல்லியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் திரும்பத் திரும்ப வாசலிலேயே நிறுத்தினால், சர்வர் கொடுத்த டோக்கன் உங்கள் பிரவுசரில் தங்கவில்லை, அல்லது பழைய டோக்கன் ஒன்று குறுக்கே நிற்கிறது.

முதலில் முகவரியைப் பாருங்கள். முன்னால் மூன்று டபிள்யூ இருக்கும் முகவரிக்குக் கொடுத்த குக்கீ, அது இல்லாத முகவரிக்குச் செல்லாமல் போகலாம். எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு மட்டும் என்று கொடுத்த குக்கீயை, கடைசி எஸ் இல்லாத பழைய புக்மார்க் வழியாகப் போனால் பிரவுசர் காட்டவே காட்டாது. புக்மார்க்கை விட்டுவிட்டு முகப்புப் பக்கத்திலிருந்து நடந்து போய்ப் பாருங்கள்.

அடுத்து இன்காக்னிட்டோ, அதாவது பழைய குக்கீ எதுவும் இல்லாமல் திறக்கும் தனி விண்டோ. அதில் வேலை செய்தால் குற்றவாளி பழைய குக்கீ அல்லது ஏதாவது எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள சின்ன ஐகானைத் தொட்டு அந்தத் தளத்தின் டேட்டாவை மட்டும் நீக்குங்கள். ஆனால் ஒன்று: இன்காக்னிட்டோவில் குரோம் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறு முகவரி வைக்கும் குக்கீகளை, தடுத்துவிடும். லாக்-இன் ஒரு முகவரியிலும் வேலை வேறு முகவரியிலும் நடக்கிற தளங்கள் சில, வழக்கமான விண்டோவில் ஓடி இன்காக்னிட்டோவில் படுத்துவிடும். அங்கே வேலை செய்யவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பழைய டெஸ்க்டாப் என்றால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் கணினி ஏதோ ஓர் ஆண்டுக்குப் போய்விடும். கடிகாரம் பின்னால் போனால் தளத்தின் சான்றிதழே செல்லாது என்று பிரவுசர் அலறும். முன்னால் போனால் இப்போது வாங்கிய குக்கீயும் காலாவதியானதாகத் தெரியலாம். ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்கம் 30 விநாடிக்கு ஒன்றாக மாறுவது, அதனால் ஃபோன் கடிகாரம் தப்பினாலும் ‘கோடு தவறு’ என்றே வந்துகொண்டிருக்கும். பட்டன் செல் ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டிய பொருளல்ல, தெருமுனை வாட்ச் கடையிலேயே இருக்கும்.

“கரண்ட் போய் வந்தா லாக்-அவுட்”

இன்வெர்ட்டரில் லேப்டாப்பும் ஃபேனும் ஓடும், ரூட்டர் மட்டும் வேறு பிளக்கில் இருந்து அணைந்து எழும். எழுந்ததும் உங்கள் வீட்டு இணைப்புக்குப் பல நேரம் வேறு ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும். டோக்கன் அதேதான், ஆனால் அது வேறு வாசலிலிருந்து வருகிறது. யாரோ திருடிவிட்டார்கள் என்று கறாரான தளம் கதவைச் சாத்துகிறது. ஃபோனில் வைஃபையிலிருந்து டேட்டாவுக்குத் தாவும்போதும் இதேதான். வேறொரு ஐபியைக் காட்டும் விபிஎன் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

தாம்பரம் மின்ரயிலில் போனால் டவர் மாறுவதால்தான் வெளியே தள்ளுகிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு மாறும்போது வழக்கமாக ஐபி மாறாது. இணைப்பே அறுந்து புதிதாக ஒட்டினால்தான் மாறும். வீட்டு ஹாலில் வைஃபைக்கும் டேட்டாவுக்கும் நடுவே ஃபோன் ஊசலாடுவதுதான் இதைவிடப் பெரிய தொல்லை. வைஃபை மங்கினால் தானாக டேட்டாவுக்கு மாறும் வசதியை, ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று இருக்கும், பணப் பரிவர்த்தனை முடியும்வரை அணைத்து வையுங்கள்.

ரூட்டருக்கென்றே கையடக்க யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். சில அபார்ட்மென்ட்களில் மாடிப்படியில் ஒரு சுவிட்சுப் பெட்டி பொதுக் கரண்டில் ஓடும். அது அணைந்தால் உங்கள் யூபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தும் நெட் இருக்காது.

சின்ன அலுவலகங்களில் இரண்டு இணைப்பு வாங்கி, ரூட்டரில் லோடு பேலன்சிங் போட்டிருப்பார்கள். ஒரு கிளிக் இந்த இணைப்பில், அடுத்த கிளிக் அந்த இணைப்பில் போகும். ஜிஎஸ்டி தாக்கல் நேரத்தில் அக்கவுண்டன்ட் கத்துவதற்குக் காரணம் பல இடங்களில் இதுதான். ஒன்று விழுந்தால் மட்டும் மற்றது எழும்படி மாற்றச் சொல்லுங்கள்.

“நான் ஒண்ணுமே பண்ணலை, பாதியில தூக்கிடுது”

ரிட்டயர்டு ஆன ஒருவர் தன் ஷேர் அக்கவுண்டைப் பற்றி இப்படித்தான் ஆரம்பித்தார்.

“தம்பி, டெய்லி ராத்திரி ஒம்போது மணிக்கு மேலதான் இந்தக் கூத்து. காலையில ஒரு பிரச்சினையும் கிடையாது.”

“சார், இதே ஐடி வேற யார்கிட்டயாவது இருக்கா?”

“எங்கிட்ட மட்டும்தான். பையன் பெங்களூர்ல இருக்கான், அவன்தான் ஓப்பன் பண்ணிக் குடுத்தான்.”

“அவர் ஆபீஸ் விட்டு எத்தனை மணிக்கு வருவாரு சார்?”

பதில் சொல்லாமல் ஃபோனை எடுத்தார். “டேய், நீ இப்ப உள்ள இருக்கியா?”

ஓர் ஐடிக்கு ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் என்று வைத்திருக்கும் தளங்களில், பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை வெளியேற்றிவிடுவார். ஆள் இரண்டாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, உங்கள் ஃபோனும் லேப்டாப்புமே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கலாம். தட்கல் நேரத்தில் இதைப் பார்க்கலாம். ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஒரு கைக்கு இரண்டு கை உதவும் என்று அண்ணன் ஃபோனிலும் தங்கை லேப்டாப்பிலும் ஒரே ஐடியைப் போட்டால் இருவருக்கும் டிக்கெட் கிடைக்காமல் போகலாம். ரொம்ப முன்னாலேயே உள்ளே போய்க் காத்திருந்தாலும், மணி அடிக்கும்போது செஷன் செத்திருக்கும்.

பேக் பட்டனையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் பக்கங்கள் பலவற்றுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் எண் ஒன்று இருக்கும். பின்னால் போய் மறுபடி அனுப்பினால் செலவான எண் போகும், தளம் அதைத் தாக்குதலாக நினைத்து உங்களை வெளியேற்றிவிடலாம்.

“ஐபோன்ல மட்டும் வாரா வாரம்”

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர், வெப் பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் சின்ன நிரல்) எழுதிய குக்கீகளுக்கு 2019 முதல் 7 நாள்தான் ஆயுள் கொடுக்கிறது. 2020-ல் ஸ்கிரிப்ட் சேமிக்கும் மற்ற தரவுகளுக்கும் அதை நீட்டித்தார்கள்: சஃபாரியைப் பயன்படுத்திய 7 நாளில் அந்தத் தளத்தின் பக்கம் நீங்கள் போகவே இல்லையென்றால் அழிந்துவிடும். விளம்பர ஒற்றர்களுக்கு வைத்த பொறி அது. லாக்-இன் தகவலைச் சர்வர் வழியாகக் கொடுக்காமல் ஸ்கிரிப்டில் வைத்திருக்கும் தளங்களும் அதில் மாட்டிக்கொள்கின்றன. வாரம் ஒரு முறையாவது போய் வந்தால் சில தளங்கள் தாக்குப்பிடிக்கும், இல்லையேல் அந்தத் தளத்தின் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ வந்த லிங்கைத் தொட்டால் லாக்-இன் கேட்கிறது, ஆனால் பிரவுசரில் உள்ளேதான் இருக்கிறேன் என்பது இன்னொரு குழப்பம். அந்த ஆப்புக்குள்ளேயே தனியாக ஒரு குட்டி பிரவுசர் திறக்கிறது, அதற்கு உங்கள் குக்கீ தெரியாது. மூன்று புள்ளியைத் தொட்டு வெளி பிரவுசரில் திறங்கள்.

“ஒரே நாள்ல எல்லா அக்கவுண்டும்”

விண்டோஸ் பாஸ்வேர்டை மறந்துபோய் யாரையாவது விட்டு உடைத்து மாற்றினீர்களா? குக்கீகளைப் பூட்டும் சாவியை குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்கள் விண்டோஸ் பாஸ்வேர்டோடு கட்டிவைத்திருக்கின்றன. பழையதைக் கொடுத்து முறையாக மாற்றினால் சாவியும் கூட வரும். வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக மாற்றினால் வராது. அப்படி ஏதும் செய்யாமல், பாஸ்வேர்டையும் மாற்றாமல் இது நடந்தால்தான் கவலைப்பட வேண்டும். எங்கேயோ இறக்கிய கிராக் மென்பொருள் குக்கீயைத் திருடுவது இப்போது சாதாரணம். திருடிய டோக்கனை நீட்டுகிறவனிடம் பல தளங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்பதில்லை. வேறொரு நல்ல சாதனத்திலிருந்து உள்ளே போய் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை முதலில் அழுத்துங்கள், பாஸ்வேர்டை அங்கிருந்தே மாற்றுங்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

‘உங்கள் கணக்கு லாக்-அவுட் ஆகிவிட்டது, இங்கே தொட்டு உள்ளே வாருங்கள்’ என்று எஸ்எம்எஸ் வந்தால் அதைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே அடித்துப் போய்ப் பாருங்கள்.

“சொந்த பில்லிங் சைட்டே என்னை வெளிய தள்ளுது”

மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி பில்லிங் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இது. செஷன் காலத்தை 4 மணி நேரமாக்கியும் அரை மணியில் போகிறதென்றால், செஷன் ஃபைல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். பல தளங்களுக்கும் பொதுவான ஒரே ஃபோல்டராக இருந்தால், 24 நிமிடம் வைத்திருக்கும் பக்கத்துத் தளத்தின் குப்பை வண்டி உங்கள் ஃபைலையும் அள்ளிப் போய்விடும். செஷனுக்குத் தனி ஃபோல்டர் வைக்கச் சொன்னால் தீர்ந்தது.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு தளம் மட்டும், எந்தக் கணினியில், எந்த இணைப்பில் போனாலும், நேரம் காலம் இல்லாமல் தள்ளுகிறது என்றால் கோளாறு அவர்கள் பக்கம். பல சர்வர்கள் இருந்தும் அவை பேரேட்டைப் பகிர்ந்துகொள்ளாதது பெரும்பாலும் காரணமாக இருக்கும். புகார் எழுதும்போது ‘அடிக்கடி லாக்-அவுட் ஆகிறது’ என்று மட்டும் எழுதினால், குக்கீயை அழியுங்கள் என்று பதில் வரும். தேதி, மணி நிமிடத்தோடு நேரம், எந்தப் பக்கத்தில் எந்த பட்டனை அழுத்தியபோது நடந்தது, பிரவுசரின் பெயர், வைஃபையா டேட்டாவா, வேறு எந்தக் கணினியில் முயன்றீர்கள், இவ்வளவையும் எழுதி, திரையில் வந்த வாசகத்தை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேருங்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் அவர்களுடைய ஆள் சர்வரின் பதிவேட்டில் (லாக்) உங்கள் வரியைத் தேடிப் பிடிக்க முடியும்.